மகாராஜா பொம்மை சேர்க்கிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏர் இந்தியாவின் மகாராஜா பொம்மை, அவர் படம் போட்ட சீட்டுக்கட்டு, மெனு கார்டு, லக்கேஜ் லேபிள் ஆகியவற்றைப் பதினெட்டு வருடமாகச் சேர்த்து வருகிறேன். வீடு கோவையில். தேடுவது பொள்ளாச்சியிலிருந்து ஈரோடு, கரூர் வரை. என் அலமாரியைப் பார்க்கிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த மகாராஜா?

1946-இல் பிறந்தவர். ஏர் இந்தியாவின் வணிகப் பிரிவைக் கவனித்த பாபி கூக்காவும், பம்பாயில் ஜே. வால்டர் தாம்ப்ஸன் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்த உமேஷ் ராவும் சேர்ந்து உருவாக்கினார்கள். விமானத்தில் பயணிகளுக்குக் கொடுக்கும் குறிப்புத்தாளுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. அதற்கு வரைந்ததுதான் இது. கோடு போட்ட தலைப்பாகை, வளைந்த மூக்கு, கன்னத்தைத் தாண்டி நிற்கும் மீசை, மூடிய கண், நெஞ்சில் கை வைத்துக் குனிந்த வணக்கம். தாளின் மேல் ஓரத்தில் இருந்தவர் கொஞ்ச நாளில் போஸ்டருக்கும் பொம்மைக்கும் வந்துவிட்டார்.

கூக்கா அவரை ஒரே இடத்தில் நிற்க விடவில்லை. டோக்கியோ போஸ்டரில் சுமோ மல்லர், பாரிஸ் போஸ்டரில் காதல் மன்னன். போகிற ஊருக்கெல்லாம் ஒரு வேஷம். ஒரு நிறுவனம் தன் சின்னத்தை இவ்வளவு தைரியமாக விளையாட விட்டது எனக்கு இன்றும் ஆச்சரியம். சேர்க்கிறவர்களுக்கு அலுப்பே வராமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். எத்தனை வருடம் சேர்த்தாலும் நாம் பார்க்காத வேஷம் ஒன்று எங்காவது இருக்கும்.

அவர் எந்த ஊர் ராஜா?

எந்த ஊருக்கும் இல்லை. கற்பனைதான். “இது மைசூர் ராஜா, அது பரோடா ராஜா” என்று விற்கிறவர் சொன்னால், அவருக்குப் பொருளைப் பற்றித் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவரிடம் நல்ல பொருளும் இருக்கும், அதனால் உடனே எழுந்து வந்துவிடவும் வேண்டாம்.

கொங்கு நாட்டுக்கும் இந்தப் பொம்மைக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. வெளியூரில் சேர்க்கிறவர்கள் இதைக் கேட்டால் நம்புவதில்லை.

இங்கே பஞ்சாலை இருந்தது. பஞ்சாலைக்கு எந்திரம் வேண்டும். எந்திரம் பார்க்க ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். ஐட்மா என்கிற ஜவுளி எந்திரக் கண்காட்சி நான்கு வருடத்துக்கு ஒருமுறை அங்கே நடக்கும். 1971-இல் பாரிஸ், 1975-இல் மிலான், 1979-இல் ஹானோவர். மில் முதலாளிகள் போனார்கள், கூடவே மேலாளர்களும் பொறியாளர்களும் போனார்கள். அப்புறம் 1970களின் கடைசியில் திருப்பூர் பனியன் இத்தாலிக்குப் போகத் தொடங்கியது. கரூரிலிருந்து மேஜை விரிப்பும் படுக்கை விரிப்பும் ஜெர்மனிக்குப் போயின. சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் விமானம் ஏறினார்கள். கோவை பீளமேட்டில் 1940-லிருந்தே விமான நிலையம் உண்டு. ஆனால் அங்கிருந்து ஏறியது உள்நாட்டு விமானம். வெளிநாடு போகிற விமானத்தைப் பம்பாயிலோ சென்னையிலோ பிடிக்க வேண்டும். அந்த விமானத்தில்தான் மகாராஜா காத்திருந்தார்.

அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. கையில் கொண்டுபோன டாலர் சாப்பாட்டுக்கும் தங்கலுக்குமே இழுத்துப் பிடித்தால்தான் உண்டு. ஊரில் அண்ணன் பிள்ளைகள், தங்கை பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் “என்ன கொண்டாந்தீங்க?” என்று கேட்பார்கள். அதனால் விமானத்தில் சும்மா கொடுத்ததையெல்லாம் பத்திரமாக எடுத்து வந்தார்கள். சீட்டுக்கட்டு, விசிறி, தீப்பெட்டி, மெனு கார்டு, பானம் கலக்கும் பிளாஸ்டிக் குச்சி எல்லாம் அப்படி வந்து வரவேற்பறை ஷோகேஸில் உட்கார்ந்தவைதான். தஞ்சாவூர்ப் பொம்மைக்கும் பிள்ளைகள் வாங்கிய கோப்பைக்கும் நடுவில், கண்ணாடிக்குப் பின்னால் ஐம்பது வருடம்.

என் முதல் பொருளும் அப்படி வந்ததுதான். என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஒரு நூல் மில்லில் பொறியாளர். 1975-இல் மில் அவரை மிலானுக்கு அனுப்பியது. திரும்பி வந்தபோது அவர் சட்டைப் பையில் ஆறு பிளாஸ்டிக் குச்சிகள், ஒவ்வொன்றின் தலையிலும் கட்டைவிரல் நகம் அளவு மகாராஜா. அம்மாயிக்கு, அதாவது பாட்டிக்கு, அவை எதற்கென்று தெரியாது. மருதாணி வைக்க எடுத்துக்கொண்டார். உள்ளங்கையில் பொட்டு வைக்க அந்த முனைதான் வாகு என்பார். எனக்குக் கிடைத்தபோது ஆறில் நான்குதான் மிச்சம். நான்கின் முனையிலும் செம்பழுப்புக் கறை. பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிட்ட கறை. சென்னையிலிருந்து வந்த ஒரு சேகரிப்பாளர், “இதைச் சுத்தம் செய்துவிட்டால் நல்ல விலை போகும்” என்றார். நான் செய்யவில்லை. கறை இல்லாத குச்சி உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அம்மாயி மருதாணி வைத்த குச்சி நான்குதான்.

எங்கே தேடுவது?

இணையத்தில் ஏலம் விடுகிறார்கள், வாங்கலாம். ஆனால் நான் சொல்வது, முதலில் சொந்தக்காரர் வீட்டு ஷோகேஸைப் பாருங்கள். பிறகு பரணைப் பாருங்கள். ரேஸ் கோர்ஸ், ஆர்.எஸ்.புரம் பக்கம் பழைய பங்களாக்களை இடிக்கும்போது சாமான்கள் மொத்தமாக வெளியே வரும். கட்டடம் இடிக்கிற ஒப்பந்தக்காரர் ஒருவரைப் பழக்கம் பிடித்து வைத்துக்கொள்வது பத்து ஏலத்துக்குச் சமம். கதவு, ஜன்னல், தேக்கு உத்திரத்துக்குத்தான் அவர்கள் கணக்கில் விலை. காகிதம் அப்படியே பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். அது போகும் முன் ஒரு போன் வரும்படி செய்துகொள்ள வேண்டும்.

மூடிப்போன டிராவல் ஏஜென்சிகளும் நல்ல இடம். கவுன்டரில் வைக்கிற பெரிய மகாராஜா உருவங்களும் சுவர் போஸ்டர்களும் பயணிக்குக் கொடுத்தவை அல்ல, ஏஜென்சிக்குக் கொடுத்தவை. அலுவலகத்தைக் காலி செய்தபோது யாரோ ஓர் ஊழியர் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார். அவரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. உக்கடம் பழைய சாமான் கடைகளில் எனக்கு இதுவரை இரண்டே பொருள் கிடைத்திருக்கிறது. ஆனாலும் மாதம் ஒருமுறை போகிறேன்.

பெரியவர்களிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

பொருளைக் கேட்காதீர்கள், பயணத்தைக் கேளுங்கள். “நீங்க முதல்முதல்ல ஏரோப்ளேன் ஏறினது எப்பங்க?” என்று ஆரம்பித்தால் போதும். பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். விமானத்தில் தயிர் கேட்டதும், கையால் சாப்பிடலாமா என்று பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்ததும், இறங்கும்போது காது அடைத்ததும். முடிக்கும்போது அவரே எழுந்து போய் மர பீரோவிலிருந்து ஒரு மெனு கார்டை எடுத்து வந்தார். “எதுக்குங் கண்ணு இந்தப் பழசு உனக்கு? வேணும்னா எடுத்துக்கோ” என்றார். எடுத்துக்கொள்ளவில்லை. படம் எடுத்துக்கொண்டு, அவர் சொன்னதை எழுதிக்கொண்டு வந்தேன். அவர் பேத்தி அடுத்த வருடம் தானாகவே கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரு பொருள் எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் பொருளே சொல்லிவிடும், பொறுமையாகப் படித்தால் போதும்.

முதலில் பெயரைப் பாருங்கள். டாட்டா ஏர்லைன்ஸ் 1946-இல் ஏர் இந்தியா ஆனது. வெளிநாட்டுச் சேவைக்காக 1948-இல் ஏர் இந்தியா இண்டர்நேஷனல் வந்தது. அந்த வருடம் ஜூன் 8-ஆம் தேதி பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு முதல் விமானம். 1962-இல் ‘இண்டர்நேஷனல்’ என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். ஆகவே அந்தச் சொல் இருந்தால் பொருள் பெரும்பாலும் 1948-க்கும் 1962-க்கும் இடைப்பட்டது.

அடுத்து விமானத்தின் படம். வாலில் மூன்று துடுப்பு நின்றால் கான்ஸ்டலேஷன், அதாவது ஜெட் வருவதற்கு முந்தைய காலம். இறக்கைக்குக் கீழே நான்கு ஜெட் எஞ்சின் தொங்கும் ஒல்லி விமானம் போயிங் 707. அது 1960-இல் வந்தது. முதுகில் கூன் விழுந்த ஜம்போ 747 என்றால் 1971 அல்லது அதற்குப் பின். ஜன்னலைச் சுற்றி அரண்மனை வளைவு வரைந்திருந்தால் அது அந்த ஜம்போதான். ‘வானத்து அரண்மனை’ என்று அதை விளம்பரம் செய்தார்கள்.

கடைசியாக முகவரி. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ‘பம்பாய்-1’, ‘மதராஸ்-2’ என்றுதான் அச்சிடுவார்கள். நயா பைசாவில் விலை போட்டிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே. மும்பை என்றிருந்தால் 1995-க்குப் பின், சென்னை என்றிருந்தால் 1996-க்குப் பின். ஒரு வியாபாரி ‘1950-களின் லேபிள்’ என்று எனக்கு ஒன்றை விற்றார். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் பின்கோடு இருந்தது. பணம் திரும்ப வரவில்லை. அன்றிலிருந்து முதலில் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

போலிப் போஸ்டரை எப்படி அடையாளம் காண்பது?

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுகிற பிக் கிளாஸ் சோமனூர், திருப்பூர் பக்கம் எந்தத் தறிக் குடோனிலும் மேஜை மேல் கிடக்கும். மடித்தால் தீப்பெட்டி அளவுகூட இருக்காது. அதைத்தான் நான் பையில் வைத்திருக்கிறேன்.

அதைப் போஸ்டரின் மேல் வைத்து, மகாராஜாவின் கன்னத்தைப் பாருங்கள். மீசையைப் பார்க்க வேண்டாம், அது கறுப்பு, ஒன்றும் தெரியாது. கன்னத்தின் இளஞ்சிவப்பில்தான் விஷயம் இருக்கிறது. ஆஃப்செட்டில் அடித்திருந்தால் சிவப்பு, மஞ்சள், நீலப் புள்ளிகள் வரிசை பிசகாமல், சின்னச் சின்னப் பூவாகக் கூடி நிற்கும். சில்க் ஸ்கிரீன் என்றால் புள்ளியே இருக்காது. நிறம் கெட்டியாகப் படிந்திருக்கும், சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் மையின் தடிப்பு தெரியும். கணினியில் எடுத்த பிரிண்ட் என்றால், மூக்குப்பொடியைத் தூவினது போல் ஒழுங்கே இல்லாத நுண்புள்ளிகள். அதைப் பார்த்ததும் போஸ்டரைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழைய போஸ்டரையே படம் பிடித்து மறுபடி ஆஃப்செட்டில் அடித்தாலோ புள்ளிக்குள் புள்ளி தெரியும், எழுத்தின் ஓரம் மங்கும்.

1940-களின் காகிதம் என்று யாராவது சொன்னால் கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கில் காட்டுங்கள். காகிதத்துக்கு வெண்மையூட்டும் ரசாயனம் 1950-களுக்குப் பிறகுதான் பரவலானது. நீலமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அந்த வயது இல்லை.

பொம்மையில் போலி பார்ப்பது இதைவிடக் கடினம். தலைப்பாகை கட்டி மீசை வைத்த எல்லாப் பொம்மையும் நம்மவர் அல்ல. ஓட்டல் வாசலுக்கென்று செய்தவையும், சுற்றுலாக் கடைகளுக்கென்று ராஜஸ்தானில் செய்தவையும் நிறையச் சுற்றுகின்றன. அடிப்பாகத்தில் நிறுவனப் பெயர் இருக்கிறதா, கண் மூடியிருக்கிறதா, குனிவில் அந்தப் பணிவு இருக்கிறதா என்று பாருங்கள். கண் திறந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றால் அவர் வேறு யாரோ.

டாலி செய்த ஆஷ் ட்ரே என்கிறார்களே, அது நிஜமா?

நிஜம். 1967-இல் ஏர் இந்தியா ஓவியர் சால்வதோர் டாலியிடம் ஓர் ஆஷ் ட்ரே வடிவமைத்துத் தரச் சொன்னது. சிப்பி வடிவக் கிண்ணம், விளிம்பில் ஒரு பாம்பு, தாங்கிப் பிடிக்க அன்னமும் யானையும். அன்னத்தைத் தலைகீழாகப் பார்த்தால் யானைத் தலை, யானையைத் தலைகீழாகப் பார்த்தால் அன்னம். பீங்கானில் சுமார் 500 மட்டும் செய்து முக்கியமான பயணிகளுக்குக் கொடுத்தார்கள். டாலி கூலியாகக் கேட்டது ஒரு யானைக் குட்டி. பெங்களூரிலிருந்து குட்டியை ஜெனீவாவுக்கு விமானத்தில் ஏற்றி, அங்கிருந்து ஸ்பெயினில் அவர் இருந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கொங்கு நாட்டில் எந்த வீட்டிலும் அதை நான் பார்த்ததில்லை. யாராவது மலிவாகக் கொடுக்கிறேன் என்றால் நிதானமாக இருங்கள்.

பீளமேட்டில் ஏறிய பழைய டிக்கெட் இருக்கிறது. அதில் ஏன் மகாராஜா இல்லை?

அது இந்தியன் ஏர்லைன்ஸ். 1953-இல் விமானச் சேவைகளை அரசு எடுத்துக்கொண்டபோது உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா என்று பிரித்தார்கள். மகாராஜா ஏர் இந்தியாவின் ஆள். இரண்டும் 2007-இல்தான் ஒன்றாயின. அந்த டிக்கெட்டையும் தூக்கிப் போடாதீர்கள். நம் ஊரிலிருந்து ஏறியதற்கு அதுதான் சாட்சி. என் ஆல்பத்தில் அதற்குத் தனிப் பக்கம் உண்டு.

மகாராஜாவுக்கு அப்புறம் நம் நாட்டில் வந்த விமானச் சின்னங்களில் எனக்குப் பிடித்தது ஏர் டெக்கானின் சின்னம். 2003-இல் தொடங்கிய அந்த மலிவுக் கட்டண நிறுவனம் ஆர்.கே. லக்ஷ்மணின் ‘சாமானிய மனிதரை’, அந்தக் கட்டம்போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்தவரை, தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. ராஜா வணங்கிய இடத்தில் சாமானியர் ஏறினார். ஏர் டெக்கான் பொருட்கள் இன்னும் பழசாகவில்லை, ஆகவே இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

எப்படித் துடைப்பது? எப்படி வைப்பது?

பொம்மை எதனால் செய்தது என்று தெரியும்வரை தண்ணீர் படவே கூடாது. காகிதக்கூழில் செய்த ஒன்பது அங்குல மகாராஜா ஒன்று என்னிடம் வந்தது. மேலே புகையும் தூசும் படிந்திருந்தது. ஈரத்துணியால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். கோட்டின் சிவப்பு அப்படியே துணிக்கு வந்துவிட்டது, மீசையின் இடது நுனி ஊறி உதிர்ந்தது. நாற்பது வருடம் ஒரு வீட்டில் பத்திரமாக இருந்தது என் கையில் ஒரு நிமிடத்தில் போனது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் மிருதுவான ஓவியத் தூரிகை மட்டும்தான், மேலிருந்து கீழே. பித்தளை என்றாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே வண்ணம் தீட்டியிருக்கலாம்.

காகிதத்துக்கு எதிரி ராமபாணப் பூச்சி. பாச்சை உருண்டை வேண்டாம், அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். நான் வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைக்கிறேன், ஏட்டுச்சுவடிக்குச் செய்த பழைய முறைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடையில் விற்கிற பிவிசி ஆல்பம் உறைகள் நாளாவட்டத்தில் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள். செல்லோடேப் எதற்கும் ஆகாது.

கோவை, திருப்பூர் பக்கம் காற்று காய்ந்தது, நமக்கு அது சாதகம். வால்பாறையிலும் பொள்ளாச்சிக்கு மேற்கேயும் இருப்பவர்கள் ஆடிச் சாரலில் அலமாரியை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் வையுங்கள். வெயில் நேராக விழுகிற சுவரில் எந்த ஊரிலும் போஸ்டர் மாட்டக் கூடாது. முதலில் போவது சிவப்பு, மகாராஜாவின் நிறமே அதுதான்.

சட்டப்படி ஏதாவது பதிவு செய்ய வேண்டுமா?

வேண்டாம். 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வயதான பொருளைத்தான் தொல்பொருள் என்கிறது. மகாராஜாவுக்கு நூறு ஆக 2046 வரை நேரம் இருக்கிறது.

என்ன விலை கொடுக்கலாம்?

கொடுத்துவிட்டு வருத்தப்படாத விலை. லேபிளும் சீட்டுக்கட்டும் எளிதாகக் கிடைக்கும். நல்ல நிலையில் உள்ள பழைய போஸ்டரும் அலுவலகப் பொம்மையும் அரிது. உறை கிழியாத சீட்டுக்கட்டைவிட, யார் எந்த வருடம் எந்த ஊருக்குப் போனபோது வந்தது என்று தெரிந்த கிழிந்த கட்டுக்கு நான் அதிகம் கொடுப்பேன்.

அந்த விவரத்தை எப்படி எழுதி வைப்பது?

அமிலம் சேராத தாளில், பென்சிலில். பேனா மை ஊறும். யார், எந்த ஊர், எந்த வருடம், எதற்காகப் போனார், யார் கையிலிருந்து எனக்கு வந்தது. ஐந்தே வரி. பொருளின் மேல் எழுதக் கூடாது, கூடவே வைக்க வேண்டும். கைபேசியில் பெரியவரின் குரலைப் பதிவு செய்தால் இன்னும் நல்லது, அனுமதி கேட்டுவிட்டு.

எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. விற்கலாமா?

கொண்டுவந்தவர் உயிரோடு இருக்கிறாரா? இருந்தால் முதலில் அதை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். கையில் கொடுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். விற்பதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் யாரும் அதைத் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.